தானே ஓடும் பிஷ்கெக்

எங்கள் பொறியியல் புலத்தில் ஆராய்ச்சி நடக்கிறதோ இல்லையோ, செய்தி தவறாமல் நடக்கும். யார் எந்த மாநாட்டுக்குப் போய் எந்தப் பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார், யாருக்கு அறுபது வயது நிறைந்து பூவேலை அங்கி போர்த்தினார்கள், யாருடைய மாணவன் எந்தப் போட்டியில் மூன்றாம் இடம் வந்தான், எல்லாம் புலத்தின் இணையதளத்தில் வாராவாரம் வரும். அந்தப் போட்டியில் கலந்துகொண்டதே மூன்று பேர்தான் என்பதை மட்டும் எழுத மாட்டோம். இதையெல்லாம் எழுதித் தள்ளுகிற புண்ணியவதி நான். பெயர் ஜூராகான். பியூனிலிருந்து துணைவேந்தர் வரைக்கும் எல்லாருக்கும் ஜூராதான்.

எங்கள் டீன் காசிமாலி செய்திக்கு இரண்டு சட்டம் போட்டிருந்தார். முதல் சட்டம், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு உண்டு. ஊர்ப் பெயர், ஆள் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். அண்டா, குண்டா எல்லாம் சின்ன எழுத்தில் தொடங்கும். டீனுக்கு அந்த வித்தியாசமே பிடிக்காது. "சின்ன எழுத்துல போட்டா சின்ன விஷயம்னு நெனச்சிருவாங்கம்மா" என்பார். இரண்டாவது சட்டம், தலைப்புக்குக் கீழே இரண்டே வரி. மிச்சமெல்லாம் 'மேலும் படிக்க' என்ற பொத்தானுக்குப் பின்னால் போய்விட வேண்டும். அந்தப் பொத்தானை இதுவரை அழுத்திய ஒரே ஆள் நான். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அழுத்தினேன்.

இந்த வசந்தத்தில் டீன் பக்கத்து நாட்டு அல்மாட்டிக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஏதோ ஒரு கல்லூரியில் ஆசிரியர்கள் டேபிள் டென்னிஸ் ஆட தனி அறை இருந்ததாம். வந்த மறுநாளே ஒரு டென்னிஸ் மேஜை வாங்கி அடித்தளத்து நடையில் சாய்த்து வைத்தாயிற்று. மேஜைக்கு அறை வேண்டுமே. உடனே மூன்றாவது சட்டம் பிறந்தது: ஒரு வருடமாகச் செய்தியில் வராத ஆய்வகம் மூடப்படும்.

அந்தச் சட்டம் யாரைக் குறிவைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். அடித்தளத்தில் ஒரே ஒரு ஆய்வகம்தான் இருக்கிறது. அது துணைப் பேராசிரியர் ஜோலோனுடையது.

ஜோலோன் தன் ஷூவைப் பார்த்துத்தான் பேசுவார். கூட்டங்களில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார், போண்டா மாதிரி பொரித்த போர்சோக்கில் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்வார், சத்தமில்லாமல் போய்விடுவார். என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த அடித்தளத்தில் ஏதோ செய்துகொண்டிருக்கிறார். என்ன செய்கிறார் என்று டீனுக்குத் தெரியாது. படிக்கட்டில் ஒரு குழாய் தாழ்வாக ஓடுகிறது. டீனுடைய உயரமான கல்பாக் தொப்பி அதில் இடிக்கும் என்பதால் அவர் கீழே இறங்குவதே இல்லை. தண்ணீர்ப் பம்பு செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை ஜோலோன் என் அறைக்கு வந்து கதவருகிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒரு செய்தி போடணும்."

"யாரப் பத்தி அண்ணே?"

"என்னப் பத்தித்தான்." அதைச் சொல்வதற்குள் காது சிவந்துவிட்டது. "அடுத்த திங்கக்கெழம ரூமப் பூட்டுறாங்களாம். மெஷின கொட்டகைல போடச் சொல்றாங்க. கொட்டகை ஒழுகுது. ஒரு மழை போதும், தோலெல்லாம் அழுகிப் போயிரும். அப்புறம் நான் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்கு வயசு இல்ல."

"என்ன மெஷின் அது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

"குமிஸ் கடையிற மெஷின். மோட்டார் வச்ச மத்து."

"இத்தன வருஷமா இதத்தான் செய்றீங்களா? ஒரு வார்த்த சொல்லலயே."

"யாரும் கேக்கல தங்கச்சி."

எனக்குச் சுருக்கென்றது. உட்காரச் சொல்லி டீ கொடுத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். குதிரைப் பாலைப் புகைபோட்ட தோல்பையில் ஊற்றி, நீளமான மர மத்தால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்தால்தான் குமிஸ். எங்கள் மலைப்பக்கத்தில் பெண்கள் கோடை முழுக்க அதைத்தான் செய்கிறார்கள். ஜோலோனுடைய மெஷின் அந்த அடியைத் தானே அடிக்கிறது. பால் நுரைத்தால் தானே மெதுவாகிறது. நல்ல வேலை. எளிமையாக எழுதினேன்.

இங்கேதான் சனியன் பிடித்தது. எங்கள் பாஷையில் அந்த மத்துக்குப் பெயர் பிஷ்கெக். நாங்கள் இருக்கிற இந்தத் தலைநகரத்துக்கும் அதே பெயர். ஊருக்கு ஏன் மத்தின் பெயர் வந்தது என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அதை விடுங்கள். சின்ன எழுத்தில் தொடங்கினால் மத்து, பெரிய எழுத்தில் தொடங்கினால் ஊர். முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் எது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

தலைப்பு: பிஷ்கெக் இனி தானே ஓடும். கீழே இரண்டு வரி, வாக்கியத்தின் முதல் சொல் என்பதால் அங்கேயும் பெரிய எழுத்துதான்: 'பிஷ்கெக்கை இயக்க இனி மனிதக் கை தேவையில்லை என்று எங்கள் துணைப் பேராசிரியர் ஜோலோன் நிரூபித்திருக்கிறார். இரவும் பகலும் களைப்பில்லாமல் இயங்கும், பொங்கி வழியாது.' பால், தோல்பை, குதிரை எல்லாம் பொத்தானுக்குப் பின்னால் போயிற்று. நான் மத்து அடிக்கிற வீட்டில் பிறந்தவள். என் கண்ணுக்கு மத்துதான் தெரிந்தது.

டீனுக்கு ஊர் தெரிந்தது.

மறுநாள் காலை அவர் தொலைபேசியும் கையுமாகத் துணைவேந்தர் அறைக்கு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "சுயூஞ்சு, சுயூஞ்சு" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு போனார். நல்ல செய்தியை முதலில் கொண்டுவருகிறவன் அப்படிக் கத்துவான். கேட்கிறவர் அவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது; கொடுக்கிற பரிசுக்கும் சுயூஞ்சு என்றுதான் பெயர். தலைநகரத்தைத் தானாக ஓடவைக்கும் கண்டுபிடிப்பு தன் பல்கலைக்கழகத்தில் நடந்திருக்கிறது என்றால் எந்தத் துணைவேந்தருக்குத்தான் கை நீளாது? கொழுத்த ஆடு ஒன்று கொடுத்தார். கொடுத்த கையோடு அவரும் காரில் ஏறி நகர நிர்வாகத்துக்கு ஓடினார். அங்கே துணைத் தலைவி அனார்குல் அம்மையாரிடம் அதே சுயூஞ்சுவைச் சொல்லி, தங்க ஜரிகை போட்ட அங்கி ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த அம்மா வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் எதற்காக ஓடினார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. புதன்கிழமை டீன் வீட்டில் சம்பந்தி வீட்டாருக்கு விருந்து என்று மட்டும் கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை என்னையும் ஜோலோனையும் கூப்பிட்டு அனுப்பினார். போனால், டீன் எழுந்து நின்று ஜோலோனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"உக்காருய்யா. உள்ளுக்குள்ள இவ்வளவு பெரிய ஆளா நீ? சொல்லு, பிஷ்கெக் தானா ஓடுதா?"

"ஓடுதுங்க ஐயா. ராத்திரி போட்டுட்டுப் போனேன், காலைல வந்து பாத்தா ஓடிக்கிட்டே இருக்கு."

ஜோலோன் ஷூவைப் பார்க்கவில்லை. டீனைப் பார்த்தே பேசினார். ஒரு டீன் அவர் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டார் என்பதில் மனிதர் பூரித்துப் போயிருந்தார்.

"ராத்திரி விளக்கெல்லாம் எப்படி?"

"விளக்கு எதுக்குங்க? இருட்டுதான் அதுக்கு நல்லது. வெயில் பட்டாத்தான் பிரச்சன."

"செலவு மிச்சம்" என்று டீன் குறித்துக்கொண்டார். "தண்ணி?"

"ஒரு சொட்டு சேக்கக் கூடாதுங்க. தண்ணி சேத்தா நாறிப் போயிரும்."

டீன் பேனாவை நிறுத்தி யோசித்தார். அப்புறம் தலையாட்டிவிட்டு அதையும் எழுதினார். "சரி. போக்குவரத்து?"

"மேலயும் கீழயும் மட்டுந்தாங்க. நான் சுத்த விடல. சுத்தினா வெண்ணெ திரண்டுரும்."

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "ஐயா" என்றேன்.

"இரும்மா. ஏய்யா, அப்போ ஜனங்க? ஆளே தேவையில்லையா?"

"ஒரு பொம்பள போதுங்க. காலைல வந்து மோந்து பாக்கணும்."

"மோந்து பாக்கணுமா?"

"புளிச்ச வாசன வந்திருச்சான்னு பாக்கணுமே. வந்திருந்தா டம்ளர் டம்ளரா ஊத்தி வித்துரலாம்."

"ஊர வித்துரலாமா?"

"எந்த ஊரங்க?" என்றார் ஜோலோன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா, அது மத்து" என்றேன்.

"எது மத்து?"

"பிஷ்கெக். பால் கடையிற மத்து. 'மேலும் படிக்க' அழுத்தியிருந்தீங்கன்னா எல்லாம் இருக்கு."

"அத யாரும்மா அழுத்துவா?"

டீன் கல்பாக்கைக் கழற்றி மேஜையில் வைத்தார். வழுக்கை வேர்த்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மெல்லிய குரலில், "ஆட்டச் சாப்பிட்டாச்சேம்மா" என்றார்.

"தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துரலாம் ஐயா."

"எதத் திருப்பிக் குடுக்கிறது? எலும்பையா?"

அவர் பயம் எனக்குப் புரிந்தது. பொய்யான செய்திக்குச் சுயூஞ்சு வாங்கித் தின்றவன் என்று பெயர் வந்தால் அது ஆளோடு போகாது. பேரன் கல்யாணத்தில்கூட எவனாவது மூலையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லிச் சிரிப்பான். தவிர, டீன் மட்டுமா? துணைவேந்தர் அந்த ஜரிகை அங்கியை மூன்று நாளாகக் கழற்றவே இல்லை.

டீன் எழுந்து அறைக்குள் நடந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. அது என்னைக் கவலைப்பட வைத்தது.

"ஜோலோன், நாளைக்கு மட்டும் அது ஊரு."

"ஐயா, அது மத்துங்க."

"மத்துதான்யா, யாரு இல்லேன்னா? நாளைக்கு அந்தம்மா வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் ஊரு. கட்டடக்கலைப் பசங்க அட்டைல ஊர் செஞ்சு வச்சிருக்காங்க. அத உன் மெஷினச் சுத்தி வச்சுருவோம். தோல்பை மேல வெள்ளத் துணிய போத்தினா பனிமல. நீ ஒண்ணும் பேச வேணாம், நான் பேசிக்கிறேன். ரூம் உன்னோடது, மேஜைய வேற எங்கயாவது போட்டுக்கிறேன். வாயத் தெறந்தியோ, திங்கக்கெழம உன் மெஷின் கொட்டகைல. புரிஞ்சுதா?"

ஜோலோன் மறுபடி ஷூவுக்கே போய்விட்டார். வெளியே நடையில் வந்ததும் என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, நான் வாயத் தெறக்காம இருந்தா போதும்ல?"

"போதும் அண்ணே."

"அது எனக்கு வரும்" என்றார்.

அவர் போகிறதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அன்றைக்கு வீட்டில் என் வீட்டுக்காரரைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை அடித்தளத்தைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நடுவில் ஜோலோனின் மரச் சட்டம். அதில் பெரிய தோல்பை தொங்கியது, அதன் வாய்க்குள் மத்து, மத்தின் மேல் மோட்டார். பையின் மேல் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த மேஜைவிரிப்பு. ஓரத்தில் ரோஜாப்பூ போட்டிருந்தது, பனிமலையில் ரோஜா பூத்திருந்தது. சுற்றிலும் அட்டை வீடுகள், அட்டை மரங்கள், தீப்பெட்டி பஸ்கள். மலையடிவாரத்திலேயே நகர நிர்வாகக் கட்டடம், வாசலில் குட்டிக் கொடியோடு. ஜோலோன் ஒரு மூலையில் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். மெஷின் சும்மா நிற்கக் கூடாது என்பதற்காக முந்தின நாளே பால் ஊற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில்தான் நிறுத்தியிருந்தார். அவர் மனைவி சைராவின் அண்ணன், சூசமிர் என்ற மலைப்பக்கத்திலிருந்து வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்த புதுப் பால்.

அனார்குல் அம்மையார் ஐம்பது வயசு மதிக்கத்தக்க, அகலமான தோள் உள்ள பெண். சாம்பல் நிறக் கோட்டு. பின்னால் ஜரிகை அங்கியில் துணைவேந்தர். அவருக்குப் பின்னால் டீன். குழாயில் கல்பாக் இடித்துத் தரையில் விழுந்து, அதை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.

"இதுதாங்க தானே ஓடும் பிஷ்கெக்" என்று டீன் ஆரம்பித்தார். "மாதிரி வடிவம். இதுல என்ன விசேஷம்னா, எல்லாமே தானா நடக்கும்."

"எல்லாமேன்னா? குப்ப அள்றதா, பஸ் ஓடுறதா?"

"எல்லாந்தாங்க."

"எப்படி?"

"இப்படித்தாங்க" என்று சொல்லி டீன் மோட்டாரைப் போட்டார். மத்து மெதுவாக ஏறி இறங்கியது. பனிமலை லேசாகத் தொப்பையை ஆட்டியது. தீப்பெட்டி பஸ் ஒன்றுகூட நகரவில்லை. அம்மையார் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். டீன் பயந்துபோய், இன்னும் கொஞ்சம் வேகமாக இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, திருகைக் கடைசி வரை திருகினார்.

ஜோலோன் ஒரு அடி முன்னால் வந்தார். வாய் திறந்தது, மூடியது.

பொங்கி வழியாது என்று நான் எழுதியது உண்மைதான், மெஷின் தன்பாட்டுக்கு ஓடினால். டீன் திருகினால் அதுக்கு யார் பொறுப்பு? முதலில் மேஜைவிரிப்பு எழும்பியது. பிறகு ரோஜாக்களுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக நுரை வந்தது. மலையிலிருந்து இறங்கி, இரண்டு தெருவை மூழ்கடித்து, தீப்பெட்டி பஸ்களைத் தூக்கிக்கொண்டு நேராக நகர நிர்வாகத்தின் வாசலில் போய் நின்றது. கட்டடம் கொஞ்சம் யோசித்துவிட்டு மடிந்து உட்கார்ந்தது.

"என் ஆபீஸ் மேல என்ன அது?" என்றார் அனார்குல்.

"வெள்ளத் தடுப்புப் பயிற்சிங்க" என்றார் டீன்.

துணைவேந்தர் அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். அம்மையார் குனிந்து தன் அலுவலகக் கூரையில் விரலை வைத்து எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது குமிஸ்."

"நம்ம பண்பாட்டோட அடையாளமா ஒரு..." என்று டீன் இழுத்தார்.

"நீங்க இருங்க." அவர் ஜோலோன் பக்கம் திரும்பினார். "நீங்கதானே செஞ்சவரு? இது என்னன்னு நீங்க சொல்லுங்க."

டீன் அம்மையாருக்குப் பின்னால் நின்று கையைக் கூப்பினார், கண்ணை உருட்டினார், தொண்டையைக் கனைத்தார். சும்மா இருந்தால் போதும். இல்லை, 'ஊரு' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அறை ஜோலோனுடையது. சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். ஜோலோன் போய் முதலில் மோட்டாரை நிறுத்தினார். ரோஜா விரிப்பை எடுத்துப் போட்டார். பையின் வாயைத் துடைத்தார்.

"மத்துங்கம்மா" என்றார். "ஊரு இல்ல. ஊருக்கு மெஷின் செய்ய எல்லா எடத்துலயும் ஆளு இருக்கு. மத்துக்கு யாரும் செய்யல. மத்து அடிக்கிறது பொம்பளைங்க, மெஷின் செய்றது நாங்க. அதனால யாருக்கும் தோணல. என் வீட்டுக்காரிக்கு ரெண்டு தோள்லயும் ஆபரேஷன் ஆயிருக்கு. தல வாரிக்க முடியாது, நான்தான் வாரி விடுறேன். அவளுக்காகத்தான் ஆரம்பிச்சேன். இத ஊருன்னு சொன்னா அவ மொகத்த நான் எப்படிப் பாக்குறது? நீங்க ரூமப் பூட்டிக்கங்க."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டீன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அனார்குல் மெஷினைச் சுற்றி வந்தார். மறுபடி மோட்டாரைப் போடச் சொன்னார், மெதுவாக. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்.

"நல்லா இல்ல" என்றார்.

"என்னது?"

"அடி சரியில்ல. நேரா குத்துது. இப்படி அடிச்சா எங்க மாமியாரு என்னை அன்னைக்கே தொரத்தியிருப்பாங்க. அடில போய் ஓரத்தோட ஒரு இழுப்பு இழுக்கணும், அப்புறம் மேல வரணும். அந்த இழுப்பு இல்லாட்டி குமிஸ் தட்டையா இருக்கும்."

"தட்டையா ஒண்ணும் இல்லையே" என்றார் ஜோலோன். குரலில் ரோஷம் வந்திருந்தது. "குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"குடிச்சுட்டுத்தான் சொல்றேன். என் ஆபீஸ் கூரைல இருந்து குடிச்சேன்."

"ஓரமா இழுத்தா தோல் தேயும்."

"கையால அடிக்கிறப்ப தேயலயே? நகருங்க." கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மோட்டாரிலிருந்து மத்தைக் கழற்றச் சொல்லி, பையின் முன்னால் காலை அகட்டி நின்று அடிக்க ஆரம்பித்தார். இறக்கி, அடியில் ஒரு இழுப்பு, ஏற்றம். பை வேறு மாதிரிச் சத்தம் போட்டது, தொண்டையிலிருந்து வருகிற மாதிரி. ஜோலோன் தரையில் மண்டியிட்டு, பையின் அடியில் கையை வைத்து அந்த இழுப்பைத் தொட்டுப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் நுரை.

"இன்னொரு தடவ."

செய்தார். "இன்னொரு தடவ, மேல முழுசா தூக்கி" என்றார் ஜோலோன்.

"மேல முழுசா வராது." மத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "இந்தக் கை இதுக்கு மேல போகாது. எங்க வீட்ல நாலு பொண்ணுங்க. நாலு பேருக்கும் போகாது."

ஜோலோன் பையிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன காலமா இத செய்றீங்க?" என்று கேட்டார் அனார்குல்.

"ரொம்ப காலமா."

"இப்படி ஒண்ணு இருக்குன்னு ஏன் யாரும் எனக்குச் சொல்லல?" அந்தக் கேள்வியை டீனைப் பார்த்துக் கேட்டார்.

"போட்டமேம்மா" என்றார் டீன் பரிதாபமாக. "பெரிய எழுத்துல."

துணைவேந்தர் தொண்டையைச் செருமினார். அங்கியின் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். "செய்தி கொஞ்சம் மாறிப்போச்சு. அப்போ இந்த அங்கிய..."

"போட்டுக்கங்க. நல்ல செய்திக்குத்தானே குடுத்தேன்."

டீன் வயிற்றிலிருந்த ஆடு அந்த நிமிடம்தான் செரித்திருக்க வேண்டும். முகம் மலர்ந்து முன்னால் வந்தார். இந்த ஆய்வகத்தைத் தாம் ஆரம்பத்திலிருந்தே எவ்வளவு ஆதரித்து வந்திருக்கிறோம் என்று சொல்லத் தொடங்கினார்.

"அப்புறம் ஏன் கதவுல பூட்டப் போறதா நோட்டீஸ் ஒட்டியிருக்கு?" என்றார் அனார்குல்.

டீன் தன் கையாலேயே அதைக் கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கல்பாக்கை நேராக்கி, "ஜூரா, ஒரு படம் எடும்மா" என்றார்.

"ஐயா, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் ஜோலோன்.

டீனுக்குக் காதில் விழுந்ததா என்று சந்தேகம். எனக்குமே சந்தேகம்தான்.

"எல்லாரும் நில்லுங்க. அம்மா மட்டும் இருக்கட்டும். அந்த அடி இழுப்ப நான் அளக்கணும். நீங்க நின்னா எடம் பத்தல."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் துணைவேந்தர் போனார், அங்கியைத் தூக்கிக்கொண்டு. பின்னால் டீன். கடைசியில் நான், கையில் கோட்டோடு. கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே பை அந்தத் தொண்டைச் சத்தத்தைப் போட்டது. நின்றது. 'இல்லங்கம்மா, நீங்க சொல்றது தப்பு' என்று ஜோலோன் சொல்வது கேட்டது. அவர் ஏதோ சொல்ல, இவர் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்புறம் ஜோலோன் சிரித்தார். இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கம் என்ன இதில்? அந்த அம்மாவின் கோட்டுக் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

டீன் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அவன் நம்மள வெளிய போகச் சொன்னானா?"

"ஆமாங்க ஐயா."

அவர் நடையில் சாய்த்து வைத்திருந்த டென்னிஸ் மேஜையைத் துணைவேந்தரோடு சேர்ந்து தரையில் படுக்கப் போட்டு, அதன் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.